போர்க்காலத்து நேர்ஸைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

“எங்கட அம்மம்மா, யப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில பெரியாஸ்பத்திரியில நேர்ஸாக இருந்தவ.” திருகோணமலையில் இப்படிச் சொல்லும் குடும்பங்கள் கனக்க உண்டு. எங்கே படித்தார், யார் அனுப்பினார்கள், எத்தனை ஆண்டு இருந்தார் என்று அடுத்த கேள்வி கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகள் கணினியில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றும் வராது. “அம்மம்மாவைப் பற்றி ஒரு இடத்திலும் இல்லை” என்று மனம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற நேர்சிங் சிஸ்டர். என் பெரியம்மாவும் நாற்பதுகளில் அரசாங்க நேர்ஸ். அவரைத் தேடப் போய், பிறகு அயலவர்களின் ஆச்சிமாரையும் தேடிக் கொடுக்கத் தொடங்கினேன். அதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். பெயரில் தொடங்காதீர்கள். ஒரு குடியேற்ற நாட்டு அரசாங்கம் போர்க்காலத்தில் தன் ஆஸ்பத்திரிகளுக்கு எப்படி ஆள் சேர்த்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். அது விளங்கினால் உங்கள் ஆச்சி அந்த ஏற்பாட்டில் எந்த இடத்தில் நின்றிருக்க முடியும், எந்தத் தாளில் இருப்பார் என்பது தன்பாட்டில் தெளியும்.

அவர் யாருடைய நேர்ஸ்?

கனபேர் வழிதவறுவது இந்த முதல் கேள்வியில்தான். 1942க்கும் 1945க்கும் இடையில் திருகோணமலையில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர்.

கடற்படைக்கும் தரைப்படைக்கும் தனி ஆஸ்பத்திரிகள், தனி நேர்ஸ்மார். குயின் அலெக்சாண்ட்ரா இம்பீரியல் மிலிட்டரி நேர்சிங் சேர்விஸ் என்பது தரைப்படையின் அணி. கடற்படைக்கு அதேபோல் றோயல் நேவல் நேர்சிங் சேர்விஸ். இவர்கள் பிரித்தானியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அந்தப் பயணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ‘கெடிவ் இஸ்மாயில்’ கப்பலே சாட்சி. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த அதை 1944 பெப்ரவரி 12ஆம் திகதி மாலைதீவுக்கு அருகே யப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. இரண்டு நிமிடத்துக்குள் தாண்டுபோனது. இறந்த 1,297 பேரில் 77 பேர் பெண்கள், பெரும்பாலும் படை நேர்ஸ்மார். அவர்களின் பெயர்கள் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பதிவில் ஒவ்வொன்றாக உண்டு. நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பதும் அதே ஆணைக்குழுதான்.

இரண்டாவது கூட்டம், குடியேற்ற நாட்டு அரசாங்கங்களுக்காகப் பிரித்தானியாவில் தெரிவுசெய்து அனுப்பப்பட்ட சிவில் நேர்ஸ்மார். 1896இல் கொலோனியல் நேர்சிங் அசோசியேஷன் என்று தொடங்கிய சங்கம் இந்த வேலையைச் செய்தது. 1919இல் அதன் பெயர் ஓவர்சீஸ் நேர்சிங் அசோசியேஷன் ஆனது. 1940இல், போர் தொடங்கிய பிறகு, குடியேற்ற அமைச்சு கொலோனியல் நேர்சிங் சேர்விஸ் என்ற பொதுச் சேவையை உருவாக்கியது. மேற்றன் (தலைமை நேர்ஸ்), சிஸ்டர் போன்ற மேல் பதவிகளுக்குத்தான் இவர்கள் பெரும்பாலும் வருவார்கள்.

மூன்றாவது கூட்டம்தான் நம் ஆச்சிமார். இலங்கை அரசாங்கத்தின் மருத்துவ, சுகாதாரத் திணைக்களத்தில் உள்ளூரில் சேர்ந்து, உள்ளூரில் படித்து, ஊர் ஊராக இடமாற்றம் பெற்றவர்கள். இவர்களுக்குப் பக்கத்தில் மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவர்கள், கன்னியாஸ்திரிகள், முதலுதவி படித்த தொண்டர்கள், அற்றன்டன்ற்மார், மருத்துவிச்சிமார். வீட்டில் ‘நேர்ஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். ஆச்சி மருத்துவிச்சியாக இருந்திருந்தால் நேர்ஸ்மாரின் தாள்களில் எவ்வளவு தேடியும் கிடைக்கமாட்டார். அதில் குறைவு ஒன்றுமில்லை. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த மருத்துவிச்சிமாரின் கையில் பிறந்தவர்கள்.

ஆள் எங்கிருந்து வந்தது, எங்கே வற்றியது

இதை வரிசையாக யோசித்துப் பாருங்கள். 1939இல் போர் தொடங்கியதும் பிரித்தானியாவுக்கே நேர்ஸ் தட்டுப்பாடு. படை ஒரு பக்கம் இழுத்தது. குண்டுவீச்சுக்கு ஆயத்தமான அவர்களுடைய சொந்த ஆஸ்பத்திரிகள் மறுபக்கம். குடியேற்ற நாடுகளுக்கு அனுப்ப ஆள் குறைந்தது. ஆள் கிடைத்தாலும் கப்பலில் இடம் கிடைப்பது கடினம். 1941 டிசம்பர் 25இல் ஹொங்கொங்கும் 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தன. அங்கே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருந்த பிரித்தானிய நேர்ஸ்மார் பலர் யப்பானியரின் தடுப்பு முகாம்களுக்குள் போனார்கள். இலங்கை அதற்குப் பிறகு போர்முனைக்கு மிகவும் கிட்ட வந்துவிட்டது. அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன் 1942 மார்ச்சில் இலங்கையின் பிரதம தளபதியாக வந்தார். சிவில் பாதுகாப்புக்கு ஒலிவர் குணதிலக்க ஆணையாளர். சட்டசபையில் சுகாதார அமைச்சு அந்த ஆண்டு டபிள்யூ. ஏ. டி சில்வாவிடமிருந்து ஜோர்ஜ் ஈ. டி சில்வாவிடம் போனது.

அப்படியானால் வாட்டில் நின்றது யார்? உள்ளூர்ப் பெண்கள்தான். கொழும்பில் நேர்ஸ்மாருக்கான பயிற்சிப் பாடசாலை 1939இல் திறந்தது. காலப்பொருத்தத்தைக் கவனியுங்கள்: அதில் முதல் ஆண்டுகளில் சேர்ந்த பிள்ளைகள் படிப்பு முடித்து வெளியே வரும்போது போர் நடுவில் நிற்கிறது. யாழ்ப்பாணப் பக்கத்தில் அமெரிக்க மிஷனின் மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியும், 1898இல் பெண்களுக்கென்று திறந்த இணுவில் மக்லியோட் ஆஸ்பத்திரியும் தமிழ்ப் பெண்களை நேர்ஸாகப் பழக்கிக்கொண்டிருந்தன. கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் 1886 முதல் பிரான்சிஸ்கன் மிஷனரி கன்னியாஸ்திரிகள் சேவை செய்தார்கள். பயிற்சிக்குப் போன தமிழ்ப் பிள்ளைகள் கனபேருக்கு வாட் வேலை பழக்கியது அவர்கள்தான். ஆகவே ‘எங்கே படித்தவ’ என்று வீட்டில் கேட்கும்போது கொழும்பு, மானிப்பாய், இணுவில் என்று இடத்தின் பெயரை எடுத்துக்கொடுத்துக் கேளுங்கள். ஞாபகம் வரும்.

பயிலுநர்களை மறக்காதீர்கள். அன்றைய முறையில் பயிலும் பிள்ளை படிக்கிறவள் மட்டுமல்ல, வாட்டின் கையும் காலும் அவள்தான். பெட்பான் எடுப்பது, காய்ச்சல் அட்டை எழுதுவது, இராவில் மலேரியாக்காரனுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது எல்லாம் அவள் தலையில். பரீட்சை எழுதாமல் இடையில் கலியாணம் கட்டிப் போனவர்களும் உண்டு. அவர்கள் சான்றிதழ்ப் பட்டியலில் வரமாட்டார்கள். ஆனால் குண்டு விழுந்த காலையில் வாட்டில் நின்றவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.

அறிக்கையில் உள்ள எண்ணை வாசிக்கும் முறை

பழைய அரசாங்க அறிக்கைகளில் பெயருக்குப் பதிலாக எண்தான் கிடைக்கும். அதை வாசிக்க றோஸ்டர் (யார் எந்நேரம் வேலை என்ற பட்டியல்) போட்ட அனுபவம் எனக்கு உதவியது. உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு வாட்டில் இரவு பகல் எந்நேரமும் ஒரே ஒரு நேர்ஸ் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் 168 மணித்தியாலம். ஒருவர் நாளுக்கு 8 மணி, வாரம் 6 நாள் என்றால் 48 மணி. 168ஐ 48ஆல் பிரித்தால் மூன்றரை. லீவு, சுகயீனம், இரவு டியூட்டிக்குப் பிந்திய ஓய்வு எல்லாம் சேர்த்தால் ஒரு இடத்தை நிரப்ப ஐந்து பேர் வேண்டும். ‘20 நேர்ஸ்’ என்று தாளில் கண்டால் ஆஸ்பத்திரி முழுவதிலும் ஒரு நேரத்தில் நின்றது நாலு பேர் என்றுதான் நான் வாசிப்பேன்.

இப்போது ஓய்வு நாளை நிறுத்துங்கள். லீவை வெட்டுங்கள். எட்டு மணியைப் பன்னிரண்டாக்குங்கள். ஒருவர் வாரத்துக்கு 84 மணி வேலை செய்கிறார். அதே ஒரு இடத்துக்கு இரண்டு பேர் போதும். நெருக்கடியில் நிருவாகம் எங்கேயும் முதலில் கைவைப்பது இதில்தான்: புதிதாக ஒருவரையும் சேர்க்காமல், இருப்பவர்களின் உடம்பிலிருந்து ஆளை எடுப்பது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் காடர் பலகையில் (அனுமதிக்கப்பட்ட பதவிகளின் பலகை) ஓர் எண் இருக்கும். வாட்டில் நின்றவர்கள் அதில் அரைவாசி. பாதை பூட்டியதென்றால் மாற்றுக்கு வரவேண்டியவள் வரமாட்டாள், நிற்பவள் தொடர்ந்து நிற்பாள். ஆகவே 1942, 1943 எண்களைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். அது அனுமதிக்கப்பட்ட பதவிகளின் எண்ணா, உண்மையில் இருந்தவர்களின் எண்ணா? பயிலுநர்களைச் சேர்த்த எண்ணா? கட்டில்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடியது? நேர்ஸ் எண் மாறாமல் கட்டில் எண் மட்டும் ஏறியிருந்தால், உங்கள் ஆச்சி ஏன் நாற்பது வயதிலேயே முழங்கால் நோவில் கிடந்தார் என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மலேரியாவையும் கணக்கில் வையுங்கள். 1934-35 கொள்ளைக்காய்ச்சலில் இலங்கையில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அந்த நினைவு ஆறாமல் இருக்கும்போதே துறைமுக வேலைக்கும் சீனக்குடா விமானத்தள வேலைக்கும் வெளியூர்க் கூலியாட்கள் திரளாக வந்தார்கள். நேர்ஸ்மாருக்கும் அதே நுளம்புதான் கடித்தது. வாட்டில் நிற்கவேண்டியவள் வாட்டிலேயே படுத்தால் றோஸ்டரில் இரண்டு இடம் போகும்.

வீட்டில் விசாரிப்பது

1942இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். இருப்பவர்களை இந்த மாதமே போய்ப் பாருங்கள். ஆவணம் காத்திருக்கும்.

ஆண்டைக் கேட்காதீர்கள். ‘மலேரியாக் காய்ச்சல் காலத்துக்குப் பிறகா முன்னா?’, ‘குண்டு போட்டபோது வேலைக்குச் சேர்ந்துவிட்டாவா?’, ‘அரிசிக் கூப்பன் வந்தபோது எந்த ஊரில இருந்தா?’, ‘பெரிய புயலடித்தபோது பென்ஷன் எடுத்திட்டாவா?’ என்று கேளுங்கள். குண்டு 1942 ஏப்ரல் 9. அரிசிப் பங்கீடு 1942இல் தொடங்கியது. புயல் 1964 டிசம்பர். இந்த மூன்று ஆணிகளை அடித்துவிட்டால் நடுவில் உள்ள வாழ்க்கையைக் கட்டலாம். பிறகு சின்னக் கேள்விகள்: குவாட்டர்ஸில் இருந்தாவா வீட்டிலிருந்து போனாவா? மாட்டுவண்டியிலா நடந்தா? உடுப்பு யார் தோய்த்தது? சம்பளம் எங்கே எடுத்தா? சம்பளம் கச்சேரியிலா (அரசாங்க அலுவலகம்) ஆஸ்பத்திரியிலா என்பதிலேயே அவர் அரசாங்க ஆளா மிஷன் ஆளா என்று சில நேரம் தெரிந்துவிடும்.

பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் கூறைக்கு அடியில் ஒரு குழுப் படம் இருந்தது. முதலில் நான் முகத்தைத்தான் பார்த்தேன். பிறகு வாசிப்புக் கண்ணாடியை வைத்து வடிவாகப் பார்த்தேன். முன்வரிசையில் கதிரையில் இருப்பவர்களுக்குத் தொப்பி ஒரு மாதிரி. பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. சிலருக்கு இடுப்பில் கருத்தப் பட்டி, சிலருக்கு இல்லை. பெரியம்மாவுக்குக் கழுத்தடியில் பட்ஜ் இல்லை. அப்போதே விளங்கியது, அது அவர் பயின்றுகொண்டிருந்த காலத்துப் படம். படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோவின் முத்திரை கொழும்பு என்றிருந்தது. ஊரில் எடுத்த படம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆகவே படம் கிடைத்தால் தொப்பி, பட்டி, பட்ஜ், பின்பக்கம். ஒரே படத்துக்குள் இருப்பவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடுங்கள். வேறு ஆஸ்பத்திரிப் படத்தோடு ஒப்பிட்டால் பிழைக்கும்.

பெயர்ச் சிக்கல்

கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் புருஷன் பெயர். ஆங்கிலத் தாளில் ‘மிஸ்’ போட்டுத் தகப்பன் பெயர் மட்டும் இருக்கலாம். கந்தையா, சின்னத்தம்பி போன்ற பெயர்களை ஒவ்வொரு கிளாக்கரும் ஒவ்வொரு எழுத்தில் எழுதினார். வேதக்காரப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. தேடப் போகுமுன் ஒரு கொப்பியில் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். தகப்பன் பெயரும் ஊரும் இரண்டும் பொருந்தாமல் ‘இவர்தான்’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

தாள்கள் எங்கே

கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம். மருத்துவ, சுகாதாரப் பணிப்பாளரின் வருடாந்த நிருவாக அறிக்கை, சட்டசபை அமர்வுத் தாள்கள், வர்த்தமானி, சிவில் லிஸ்ட் (அரசாங்க உத்தியோகத்தர் பட்டியல்) ஆகியவற்றை அங்கே கேளுங்கள். சட்டசபை ஹன்சாட்டில் (பேச்சுகளின் பதிவு) வரவுசெலவு விவாதத்தில் மருத்துவத் தலைப்பு வரும் நாட்களைப் பாருங்கள். வெளிமாவட்ட ஆஸ்பத்திரிகளின் குறை அங்கேதான் வாய்விட்டுப் பேசப்பட்டது. 1943க்குப் பிறகு திருகோணமலை-மட்டக்களப்புத் தொகுதிக்கு வ. நல்லையா உறுப்பினர்.

லண்டனுக்கு அருகே கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய சுவடிக்கூடத்தில் சி.ஓ. 54 என்ற வரிசை இலங்கைக் கடிதப் போக்குவரத்து, சி.ஓ. 57 அமர்வுத் தாள்கள். அட்டவணையை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். அங்கே டபிள்யூ.ஓ. 399 என்று ஒரு நேர்ஸ் வரிசை உண்டு. அது முதலாம் உலகப்போருக்குரியது, அதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஓவர்சீஸ் நேர்சிங் அசோசியேஷனின் தாள்கள் ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில். உங்கள் ஆச்சியின் மேற்றன் வெள்ளைக்காரி என்றும் அவருடைய பெயர் தெரியும் என்றும் இருந்தால், மேற்றன் வழியாக ஆஸ்பத்திரியைப் பிடிக்கலாம்.

‘ஈழகேசரி’ என்ற தமிழ்ப் பத்திரிகையின் பழைய இதழ்கள் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் படமாகக் கிடக்கின்றன. ஆனால் போர்க்காலத்தில் பத்திரிகைக்குத் தணிக்கை. எந்த ஊரில் என்ன சேதம், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் என்று எதிர்பார்க்க வேண்டாம். பரீட்சை முடிவு, இடமாற்றம், கலியாண வாழ்த்து, மரண அறிவித்தல், இவற்றைப் பாருங்கள்.

ஊரிலேயே பள்ளிக்கூடங்களின் சேர்வு இடாப்பும் கோயில், தேவாலயப் பதிவுகளும் உண்டு. பல வீடுகளில் தாள் இல்லை. 1964 புயல், எண்பதுகளின் இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று மூன்று தடவை பெட்டியைவிட்டு ஓடிய ஊர் இது. அப்படியான வீட்டில் ‘ஏன் வைத்திருக்கவில்லை’ என்று கேட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா, மாமிமாரிடம் கேளுங்கள். படம் அங்கே போயிருக்கும்.

கதையைச் சரிபார்ப்பது

ஒரு கதையை நான் அடிக்கடி கேட்கிறேன்: ‘ஹேர்மிஸ் கப்பலில் காயப்பட்ட வெள்ளைக்காரரை எங்கட ஆச்சிதான் பெரியாஸ்பத்திரியில பார்த்தவ.’ ஏப்ரல் 9 காலையில் குண்டு விழுந்தது திருகோணமலையில். ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போய்விட்டது. அது மூழ்கியது மட்டக்களப்புக்கு நேரே கடலில், முன்பகலில்; 307 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் சுமார் 600 பேரை ‘வீட்டா’ என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. சிலர் மட்டக்களப்புக் கரைக்கு நீந்தினார்கள். ஆகவே ஆச்சி அன்று திருகோணமலையில் இருந்தால் அவர் பார்த்தது துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் காயப்பட்டவர்களை. ஹேர்மிஸ் ஆட்களை உண்மையாகவே பார்த்திருந்தால் அவர் அப்போது மட்டக்களப்பிலோ கொழும்பிலோ வேலை செய்திருக்கவேண்டும். கதை பிழை என்று தள்ளாதீர்கள். நீங்கள் தவறான ஊரின் தாளைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே துப்பாக இருக்கலாம். ஒரு குடும்பத்தில் அந்த வழியில் போய்த்தான், ஆச்சி 1942இல் மட்டக்களப்பில் இருந்து அடுத்த ஆண்டுதான் இங்கே மாற்றலாகி வந்தவர் என்று தெரிந்தது.

குண்டு விழுந்த பிறகு ஊர்ச்சனம் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது. அந்த வாரத்தில் ஆச்சி எங்கே இருந்தார் என்பதைத் தனியாகக் கேளுங்கள். பிள்ளைகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் வாட்டில் நின்ற பெண்கள் உண்டு. பயந்து ஊருக்குப் போய்ப் பிறகு திரும்பிவந்தவர்களும் உண்டு. இரண்டையும் அப்படியே எழுதுங்கள். போனவரை நின்றவராக்க வேண்டாம்.

கிடைத்ததைப் பதியும்போது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, என்ன தாள், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். படத்தின் பின்னால் பேனையால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சில் போதும். படத்தையும் சான்றிதழையும் இரண்டு பக்கமும் ஸ்கான் எடுத்து, ஒரு பிரதியை வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கும் ஒன்றை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். குழுப் படத்தில் உங்கள் ஆச்சிக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அவருடைய பேரப்பிள்ளையும் எங்கேயோ இருந்து தேடிக்கொண்டிருக்கலாம்.